ஈர்ப்பலைக் கருவிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவுள்ள லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கருந்துளைகள் மோதிய கதையும், 2015 செப்டம்பர் 14 அன்று முதல் பதிவு கிடைத்த விவரமும், 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்ததும் சரியாகவே இருந்தன. உறுத்தியது ஒரே ஒரு வரி: ‘கட்டி முடித்துவிட்டால் இந்தக் கருவி இரவு பகலாகத் தானே வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.’ அப்படித் தானே கேட்கும் கருவி எங்கும் இல்லை. ஈர்ப்பலை என்பது கருந்துளை மோதல் போன்றவற்றில் எழுந்து, வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு வரும் அலை. இரண்டு நீளக் கரங்களில் கண்ணாடிகளுக்கு நடுவே லேசரை ஓடவிட்டு, கரத்தின் நீளம் மாறுவதை அளந்து அதைப் பிடிக்கிறது இந்தக் கருவி. அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் உள்ள லைகோ கருவிகள் கேட்கும் காலத்தில் அவற்றைக் கவனிக்க ஷிப்ட் ஆபரேட்டர்கள் இருப்பார்கள். வாரம் ஒரு நாள் பராமரிப்பு உண்டு. மாதக்கணக்கில் நிறுத்திவைத்துச் செய்யும் வேலைகள் வேறு. இந்த வேலைகள் என்னவென்று எழுதாமல் விட்டால், ஹிங்கோலியில் யாருக்கு என்ன வேலை இருக்கும் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் மோட்டாரையும் பம்பையும் கப்ளிங் போட்டு இணைக்கும் பிட்டருக்கு அலைன்மென்ட், அதாவது நேர்கோட்டில் பொருத்துவது, புதிதல்ல. டயல் கேஜை வைத்துத் தண்டைச் சுற்றிப் பார்ப்பார். காலுக்கடியில் ஷிம் தகடு கொடுத்து 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. அப்புறம் அடுத்த ஓவர்ஹால் வரை அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. ஈர்ப்பலைக் கருவியில் முறுக்கிவிட்டுப் போக போல்ட்டே கிடையாது. 34 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. தடிமனும் கொண்ட 40 கிலோ கண்ணாடி, 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கு சிலிக்கா இழைகளில் தொங்குகிறது. தொங்குவது ஆடும், திரும்பும், தலைசாயும். எதிர்க் கண்ணாடி இருப்பதோ 4 கிலோமீட்டர் தள்ளி. இந்தக் கண்ணாடி ஒரு மைக்ரோரேடியன் சாய்ந்தால், அதாவது ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வு அளவுக்குச் சாய்ந்தால், பட்டுத் திரும்பும் ஒளி எதிர்முனையில் 8 மில்லிமீட்டர் விலகி விழும். கருவி ஓடும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கும். எந்நேரமும் கோணத்தை அளந்து, கண்ணாடிக்கு மேலே தொங்கும் அடுக்குகளைக் காந்தச் சுருள்களால் மெல்ல இழுத்து, சர்வோ என்ற தானியங்கித் திருத்திதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆக அலைன்மென்ட் என்பது அங்கே ஒருநாள் வேலை இல்லை, ஓடும் நேரமெல்லாம் நடப்பது.

இருந்தாலும் தொடக்கம் என்று ஒன்று வேண்டுமே. பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகோ, பராமரிப்பு முடிந்த பிறகோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும். முதலில் பச்சை. அளவெடுக்கும் லேசர் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அதை எடுத்தவுடன் நிலைநிறுத்துவது குதிரைக்கொம்பு. அதனால் ஒவ்வொரு கரத்தின் கடைசி நிலையத்திலிருந்தும் 532 நானோமீட்டர் பச்சை லேசரை உள்ளே விடுகிறார்கள். பச்சைக்கு அந்தக் கண்ணாடிப் பூச்சு அவ்வளவு கறார் இல்லை. பிடி சுலபமாகக் கிடைக்கும். கடைசிக் கண்ணாடி, முன் கண்ணாடி, பச்சையை அனுப்பும் மேசை மூன்றையும் மாற்றி மாற்றி அசைத்து, மறுபக்கம் வந்துசேரும் பச்சை உச்சத்துக்கு வரும்வரை சரிசெய்கிறார்கள். கேமராத் திரையில் புள்ளி ஒரே உருண்டையாகத் தெரிய வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு துண்டாகத் தெரிந்தால் கண்ணாடி தலைசாய்ந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் இடமோ வலமோ திரும்பியிருக்கிறது. பழகிய ஆபரேட்டர் எண்ணைப் பார்க்குமுன் இந்த வடிவத்தைத்தான் பார்ப்பார்.

பச்சை நிலையாக நின்ற பிறகுதான் அகச்சிவப்பு. அதை ஒரு கரத்தில் மட்டும் நிலைநிறுத்தி, உள்ளே வரும் கற்றையைக் கரத்துக்கு ஏற்பத் திருப்புகிறார்கள். கரத்தைக் கற்றைக்கு ஏற்பத் திருப்பினால் பச்சையில் செய்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அடுத்து, கற்றையை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி, வீணாகும் ஒளியைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஆற்றல் மறுசுழற்சிக் கண்ணாடி, வெளியேறும் வழியில் உள்ள குறிகை (சிக்னல்) மறுசுழற்சிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை விளங்கும். ஒரு பக்கம் தட்டினால் எதிர்ப்பக்கம் மாறும், அதைத் தட்டினால் இது கொஞ்சம் நழுவும். பாலக்காட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது இந்தப் படிகளில் பெரும்பகுதியை மென்பொருளே செய்கிறது. அது எந்தப் படியில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, ஏன் சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பது ஆபரேட்டர் பாடு.

அலைன்மென்ட் முடிந்தால் ‘லாக்’. எல்லாக் கண்ணாடிகளுக்கும் இடையிலான தூரங்கள் ஒரே நேரத்தில் ஒளியலைக்குப் பொருந்தி நின்றால் லாக் ஆயிற்று என்பார்கள். அரை மணியில் கிடைத்தால் நல்ல நாள். ஒரு மணிக்கு மேலும் இழுக்கும். குறைந்த ஆற்றலில் லாக் பிடித்துவிட்டுப் பிறகு படிப்படியாக ஏற்றுகிறார்கள். உள்ளே விடுவது சுமார் 60 வாட், பழைய குண்டு பல்பு அளவு. ஆனால் கரங்களுக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்து சேரும் ஒளி 300 கிலோவாட்டைத் தாண்டும். ஒளிக்கும் தள்ளும் விசை உண்டு. 300 கிலோவாட் ஒளி கண்ணாடியைத் தள்ளும் விசை 0.2 கிராம் எடைக்குச் சமம், பத்து அரிசியின் கனம் என்று வையுங்கள். 40 கிலோவுக்குப் பத்து அரிசி ஒரு பொருட்டா என்று தோன்றும். கற்றை சரியாக நடுவில் பட்டால் பொருட்டில்லைதான். சில மில்லிமீட்டர் தள்ளிப் பட்டாலே அது கண்ணாடியை முறுக்கும். முறுக்கினால் கற்றை இன்னும் தள்ளிப் போகும், இன்னும் முறுக்கும். கடைசியில் லாக் அறுந்துவிடும்.

கற்றை எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை அழகானது. கண்ணாடியை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மிக மெல்லத் தலையாட்ட வைப்பார்கள். கற்றை படும் புள்ளியும் கண்ணாடி சுழலும் அச்சும் ஒன்றாக இருந்தால் அந்த ஆட்டத்தால் கரத்தின் நீளம் மாறாது. விலகியிருந்தால் அதே அதிர்வெண் நீளக் குறிகையில் தலைகாட்டும். சுழலும் அச்சையோ, கற்றை படும் இடத்தையோ நகர்த்தி, அந்த அதிர்வெண் மறையும்வரை சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவைத்தால் தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் கூடும். கனமான கருந்துளைகளின் அலை வருவதும் அந்தப் பகுதியில்தான்.

ஆற்றல் கூடினால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2023இல் ஹான்போர்டில் 75 வாட் வரை ஏற்றிப் பார்த்து, லாக் நிலைக்காமல் 60 வாட்டுக்கு இறக்கினார்கள். கண்ணாடிப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி ஒளியை உறிஞ்சினால், அந்த இடம் சூடேறி நானோமீட்டர் கணக்கில் புடைத்து, ஒளியைச் சிதற அடிக்கும். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வளைய ஹீட்டரும், கார்பன்டைஆக்சைடு லேசரும் வைத்து வடிவத்தைச் சமன்செய்கிறார்கள். லாக் ஆனபின் கண்ணாடி வெப்பநிலை ஒரு நிலைக்கு வரவே மணிக்கணக்கில் ஆகும். அதுவரை கிடைக்கும் அளவீடுகளை ஆபரேட்டர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இழைகளின் கதை தனி. இரண்டு கரங்களின் நான்கு கண்ணாடிகளையும் தாங்கும் 16 இழைகளும் 500 ஹெர்ட்ஸ் அருகே தந்திபோல அதிரும். ஒவ்வொன்றும் இரண்டு திசையில். அதை வயலின் அதிர்வு என்றே அங்கே சொல்கிறார்கள். உரசல் அவ்வளவு குறைவு என்பதால், ஒரு முறை மீட்டிவிட்டால் தானே அடங்க நாட்கள் ஆகும். ஒவ்வொரு அதிர்வுக்கும் தனித்தனியாக எதிர்விசை கொடுத்து அடக்க வேண்டும். அந்த எதிர்விசையின் கட்டம் தப்பினால் அடங்குவதற்குப் பதில் ஏறும்! ஊஞ்சலை நிறுத்தப் போய் நேரம் தப்பித் தள்ளிவிட்டதுபோல. ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் எந்த இழை ஏறியிருக்கிறது, எந்த அமைப்பில் அடங்குகிறது என்று எழுதிவைப்பது இதனால்தான்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். செவ்வாயோ வெறுவாயோ என்று நம் பக்கம் நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவார்கள். லைகோவில் செவ்வாய்தான் பராமரிப்பு நாள், காலை 8 மணி முதல் நண்பகல் வரை. ஒரு கருவி மட்டும் கேட்டு, மற்றது நின்றிருந்தால், அலை வந்த திசையைச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்குள் லாரி வரலாம், கிரேன் ஓடலாம், சுத்தி அடிக்கலாம், கணினியை மறுதொடக்கம் செய்யலாம். மற்ற நேரத்தில் அங்கே வேகமாகக் கார் ஓட்டினால்கூடக் குற்றம்.

லாரியில் வருவது திரவ நைட்ரஜன். ஒளி போகும் குழாய் 1.2 மீட்டர் விட்டம். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. காற்று மூலக்கூறுகள் கற்றைக்குக் குறுக்கே போனாலே அளவு கெடும் என்பதால் இந்தப் பாடு. கட்டிய காலத்தில் குழாயிலேயே சுமார் 2,000 ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சி, குழாயையே ஹீட்டராக்கி, ஒரு மாதம் போல 150 டிகிரிக்கு மேல் சுட்டு, எஃகில் ஒட்டியிருந்த நீராவியை வெளியேற்றினார்கள். கண்ணாடி அறைகளிலிருந்து நீராவி குழாய்க்குள் போகாமல் தடுக்க, திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும் கிரையோ பம்புகள் இருக்கின்றன. ஈரம் அங்கே பட்டு உறைந்து நின்றுவிடும். அவற்றின் தொட்டிகளை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டத்தில் இருப்பது இவையும், அசையும் பாகமே இல்லாத அயனி பம்புகளும்தான். சுழலும் பம்ப் அதிரும் என்பதால் கேட்கும் நேரத்தில் அதற்கு இடமில்லை.

2017இல் ஹான்போர்டில் விடாமல் வந்த விசித்திரமான தட்டல் சத்தத்துக்குக் காரணம், அந்த நைட்ரஜன் வெளியேறும் குழாயில் படிந்த உறைபனியை அண்டங்காக்கைகள் கொத்தியதுதான். பனியில் அலகுத் தடம் அப்படியே பதிந்திருந்தது. பனி படியாதபடி குழாயை மூடினார்கள், சத்தம் நின்றது. நம் பக்கமாக இருந்தால் மயில் வந்திருக்கும்.

வெற்றிடத்தில் கசிவு தேடுவது ஐ.டி.ஐ. படித்தவர் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, பொறுமை இருந்தால். கசிவு காட்டியை வெற்றிட அறையோடு இணைத்துவிட்டு, வெளியே பிளேஞ்சு இணைப்பில் ஹீலியத்தை மிகக் கொஞ்சமாக விட வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் ஹீலியம் மேலே ஏறும். கீழே தொடங்கினால் மேலே உள்ள கசிவு கீழே இருப்பதாக ஏமாற்றும். சந்தேகப்பட்ட இணைப்பைப் பிளாஸ்டிக் உறை கட்டித் தனியாக்கி மறுபடி பார்க்க வேண்டும். தாராளமாக ஊதிவிட்டால் அறை முழுக்க ஹீலியம் பரவி, அரை நாள் எதையும் நம்ப முடியாது.

அறையைத் திறக்கவேண்டி வந்தால் கதை வேறு. ஈரமில்லாத காற்றை உள்ளிருந்து வெளியே வீசவிட்டு, தூசி எண்ணும் கருவியைப் பார்த்துக்கொண்டே, முழு உடல் அங்கியும் இரட்டைக் கையுறையுமாகத்தான் நுழைய வேண்டும். கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது. பாலிமர் திரவத்தைப் பிரஷ்ஷால் பூசி, காயவிட்டு, தோல் உரிப்பதுபோல ஒரே படலமாக உரித்தெடுப்பார்கள். தூசியும் அதோடு வந்துவிடும். உரிக்கும்போது நிலைமின்சாரம் ஏறும். அயனியாக்கிய நைட்ரஜனை ஊதி அதை இறக்காவிட்டால், புதுத் தூசியை அது இழுப்பது மட்டுமல்ல, கண்ணாடியை மின்புலத்தால் அசைக்கும் கடைசி அடுக்கின் கணக்கும் தப்பும்.

செவ்வாயில் நடக்கும் சில்லறை வேலைகளையும் சொல்ல வேண்டும். லேசரைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் லேசரே டிரிப் ஆகிவிடும். பார்த்து ஊற்ற வேண்டும். ஏ.சி. ஒரு டிகிரி நழுவினால் கண்ணாடியைத் தாங்கும் எஃகுத் தகடு ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ விறைத்தோ கண்ணாடி உயரம் மாறும், தலைசாயும். மறுநாள் அலைன்மென்ட் கிடைக்காமல் திண்டாடுவார்கள். ஏ.சி. மெக்கானிக்கின் வேலை இதில் விஞ்ஞானியின் வேலைக்கு இளைத்ததல்ல என்பது எங்கள் கருத்து. பிறகு அளவுச் சரிபார்ப்பு. 1047 நானோமீட்டர் லேசரின் இரண்டு கற்றைகளைக் கடைசிக் கண்ணாடியில் நடுவுக்கு இருபுறமும் சமதூரத்தில் விழவைத்து, தெரிந்த விசையால் தள்ளி, கருவி எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிடுவார்கள். அந்த லேசரின் ஆற்றலை அளக்கும் தரக்கருவியை அவ்வப்போது கையில் எடுத்துக்கொண்டு கடைசி நிலையத்துக்கே போய் அளக்க வேண்டும். அது ஒரு சதவீதம் தப்பினால், கருந்துளை இருக்கும் தூரமும் ஒரு சதவீதம் தப்பும்.

காற்றைப் பற்றிப் பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களான நாங்கள் பேசாமல் இருக்க முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வாளையாறு முதல் கொழிஞ்சாம்பாறை வரை வெறும் பழமொழி இல்லை. காற்று அம்மியைப் பறக்கவிடாவிட்டாலும், கட்டடச் சுவரைத் தள்ளித் தரையைச் சாய்த்துவிடும். நிலநடுக்கமானிக்குச் சாய்வும் பக்கவாட்டு அசைவும் ஒன்றாகவே தெரியும். அதை நம்பி அதிர்வுத் தடுப்பு மேசை இல்லாத அசைவை எதிர்க்கப் போய், தானே கண்ணாடியை ஆட்டிவிடும். ஹான்போர்டு வறண்ட சமவெளி, காற்று அதிகம். அங்கே சாய்வை மட்டும் அளக்கும் துலாக்கோல் போன்ற உணர்கருவியை வைத்துக் கழித்துக்கொள்கிறார்கள், காற்றுத் தடுப்பு வேலியும் போட்டிருக்கிறார்கள். உருண்டு வரும் காய்ந்த முட்செடிகள் குழாய் ஓரம் குவிந்தால் அள்ளிக் கட்டுவது வேறு. லிவிங்ஸ்டன் காட்டுப் பக்கம். மரம் வெட்டும் வேலையும் ரயிலும் தொல்லை. கடலலைகளால் எழும், சில வினாடிக்கு ஒரு முறை வரும் மெல்லிய நில அதிர்வு எல்லா இடத்துக்கும் பொது. பெரிய நிலநடுக்கம் உலகத்தின் மறுகோடியில் வந்தாலும் லாக் போகும். மேற்பரப்பு அலை வந்துசேருமுன் சில நிமிடம் கிடைத்தால் அமைப்பை மாற்றிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பக்கத்தில் வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்தில் ஜப்பானின் காக்ரா ஈர்ப்பலைக் கருவி சேதமடைந்து, சரிசெய்ய மாதங்கள் ஆயின.

இத்தனை பார்த்தும் எல்லாம் சுத்தமாகக் கிடைக்காது. 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தபோது, லிவிங்ஸ்டன் பதிவில் மோதலுக்குச் சுமார் ஒரு வினாடி முன்பாக ஒரு பெரிய இரைச்சல் வெடிப்பு விழுந்திருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டுத்தான் அலையைப் பார்க்க முடிந்தது.

நம் நாட்டில் வரும்போது ஒரு வித்தியாசம் இருக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பதிவில் 60, 120, 180இல் இரைச்சல் கோடுகள் நிற்கின்றன. இங்கே 50, 100, 150. எர்த்திங் சரியில்லாமல் இரண்டு இடத்தில் தரையைத் தொட்டால், கேபிளை மின்வழியோடு சேர்த்துப் போட்டால், அந்தக் கோடு தடித்துப் பக்கத்து அதிர்வெண்களையும் தின்னும். எலக்ட்ரீஷியன் வேலைதான், ஆனால் சுவிட்ச் போர்டு மாட்டும் கவனம் இதற்குப் போதாது.

எங்கள் கோரிக்கை இதுதான். புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையம், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், இந்தூர் ராஜா ராமண்ணா மையம் ஆகியவை இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. அணுசக்தித் துறை நிறுவனங்கள் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்சிக்கு எடுப்பது வழக்கம். உங்கள் கல்விப் பக்கம் ‘ஈர்ப்பலை ஆராய்ச்சிக்கு என்ன படிக்க வேண்டும்’ என்று போட்டபோது முனைவர் பட்டம் ஒன்றையே காட்டியது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் தமிழில் படித்துவிட்டுப் பிட்டர், கருவி மெக்கானிக், ஏ.சி. பிரிவில் சேரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவைத்துவிடுவார்கள். வெற்றிடத் தொழில்நுட்பம், ஹீலியம் கசிவுச் சோதனை, தூய்மை அறை ஒழுங்கு, லேசர் பாதுகாப்பு, பதிவேடு எழுதும் முறை ஆகிய ஐந்தையும் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே தொடங்கலாம். பயிற்சி அறிவிப்புகள் வரும்போது, தகுதியையும் கடைசித் தேதியையும் சேர்த்து, எல்லைப் பதிப்பிலும் போடுங்கள். பெரும்பாலும் அது கோவைப் பதிப்போடு நின்றுவிடுகிறது.

கூடவே ஒரு சிறு திருத்தம். கட்டுரைப் படத்தின் கீழே ‘நிலையாகப் பொருத்தப்பட்ட கண்ணாடி’ என்று அச்சாகியிருந்தது. ‘தொங்கவிடப்பட்ட கண்ணாடி’ என்று மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
கருவிப் பராமரிப்புப் பயிற்றுநர்கள் இருவர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.